எழுவாய் எங்கே?

மத்திய அரசின் உத்தியோகப் பரீட்சைகளில் ஆங்கிலப் பகுதியைப் புரட்டுவோர், நான்கு துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டு, ‘பிழை எந்தத் துண்டில் உள்ளது?’ என்று வினவும் வாக்கியங்கள் சிலவற்றை ஆண்டுதோறும் சந்திக்கின்றனர். ‘தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ்’ என்று முதல் துண்டு இருக்கும்; ‘ஹூ பாஸ்ட் தி ரிட்டன் டெஸ்ட்’ என்று இரண்டாவது தொடரும்; ‘ஹாவ் பீன் பப்ளிஷ்ட்’ என்று மூன்றாவது முடியும்; நான்காவது இடத்தில் ‘நோ எரர்’ என்னும் இரு சொற்கள், பிழையே இல்லையோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு நிற்கும். தேறியவர் பலராயினும் வெளியானது பட்டியலே, பட்டியலோ ஒன்று, ஆகவே ‘ஹாவ்’ என்பது ‘ஹாஸ்’ என்று இருக்கவேண்டும் என்று கண்டு மூன்றாம் துண்டைக் குறிப்பவருக்கு, பட்டதாரி நிலைப் பரீட்சையின் முதற்கட்டத்தில் இரண்டு மதிப்பெண் கிட்டும். வேறெதையேனும் குறிப்பவர் அரை மதிப்பெண்ணைக் கைப்பொருளிலிருந்து இழப்பார்.

இத்தகைய வினாவை நான் குறைகூற வரவில்லை. நெடிய ஒரு வாக்கியத்தில் யார் அல்லது எது என்ன செய்தது என்பதைக் கண்டுகொள்ள இயலாதவர், நாளை ஓர் அலுவலகக் கோப்பையோ நீதிமன்றத் தீர்ப்பையோ ஓர் ஒப்பந்தப் பத்திரத்தையோ படித்து எவ்வாறு பொருள் கொள்வார் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இதே வினாத்தாளில், இதன் உடன்பிறப்பைப் போலவே வேடமிட்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அறிஞர்களே இன்றளவும் இருவேறு அபிப்பிராயம் கொண்டிருக்கும் பிரயோகங்களும் ஒற்றை விடை வினாக்களாக வந்து அமர்ந்துகொள்கின்றன. அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாமல் எல்லாவற்றையும் எண்ணிட்ட விதிகளாக்கி மனனம் செய்விக்கும் பயிற்சி முறையோ, முதல்வகை வினாவுக்குத் தேவைப்படும் ஒரே ஆற்றலை, அதாவது எழுவாயைத் தேடிப் பிடிக்கும் ஆற்றலை, மாணவனிடம் வளர்க்காமலே அவனைப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பிவைக்கிறது. இவ்விரு குறைகளைப் பற்றியே என் முறையீடு.

எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு என்பது, பயிற்சி நிலையங்கள் அச்சுறுத்தும் அளவுக்கு ஆங்கிலத்தில் பெரிய விஷயம் அன்று. ‘பீ’ என்னும் வினையின் ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்ற வடிவங்களையும், ‘ஹாஸ், ஹாவ்’ என்ற இரட்டையையும், ‘டஸ், டூ’ என்ற இன்னோர் இரட்டையையும் தள்ளிவிட்டால், எஞ்சிய வினைகளுள் பெரும்பாலானவற்றுக்கும் நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஈற்றில் ஓர் ‘எஸ்’ சேர்வது ஒன்றே எச்சமாய் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் தன்மைக்கு ஒரு விகுதி, முன்னிலைக்கு ஒன்று, படர்க்கைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று வினைகள் செழிப்பான விகுதிகளைத் தாங்கியிருந்தன. காலப்போக்கில் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இன்று மிஞ்சியுள்ள ‘எஸ்’ கூடத் தென்னாட்டு வழக்கு அன்று. இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சிலிருந்து மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி இலண்டனைக் கைப்பற்றியது. 1611-இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணையால் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் இந்த ‘எஸ்’ஸுக்குப் பதிலாகப் பழைய ‘எத்’ விகுதியே ஆட்சி செய்வதை, அந்நூலைத் திறந்த எவரும் காணலாம்.

அந்த ஓர் எழுத்தும் எல்லோர் நாவிலும் நிலைத்துவிடவில்லை. இங்கிலாந்தின் நாரிச் நகரத்துப் பேச்சை ஆராய்ந்து பீட்டர் டிரட்கில் 1974-இல் வெளியிட்ட நூல், அந்நகரத்துத் தொழிலாளர் வகுப்பினர் ‘ஷீ கோ’, ‘ஹீ நோ’ என்று விகுதியின்றியே பேசும் வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் இவ்வழக்கம் உண்டு. ஒருவரை நோக்கி ‘யூ வாஸ்’ என்று எழுதுவது பதினெட்டாம் நூற்றாண்டுக் கனவான்களிடையே சகஜமாக இருந்தது. ராபர்ட் லௌத் என்னும் பாதிரியார் 1762-இல் எழுதிய இலக்கண நூலில் அதைப் பெரும்பிழை என்று கண்டித்தார். அன்றிலிருந்து கண்டனமே வென்றது. எனவே, பரீட்சையில் நாம் கற்பது ஆங்கிலத்தின் இயற்கை நியதி அன்று, கற்றோர் எழுத்துக்கென்று ஏற்பட்ட ஒரு சம்பிரதாயமே என்பதை மாணவனுக்குச் சொல்லிவிடுவது நல்லது. சம்பிரதாயமாயினும் அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தவறவிட்டவன் அறிவிலி என்ற எண்ணம் அவனிடம் ஏற்படலாகாது.

இனி, இவ்விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ‘தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹாவ் பீன் பப்ளிஷ்ட்’ என்ற பிழை ஏன் நேர்கிறது? இது அந்நிய நாட்டு மாணவனின் அறியாமை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களிடம் முழுமையற்ற தொடர்களைக் கொடுத்து அவற்றை வாயால் முடிக்கச் சொல்லி நடத்திய சோதனைகளை 1991-இல் வெளியிட்டனர். ஒருமைத் தலைச்சொல்லுக்கும் வினைக்கும் இடையே ஒரு பன்மைப் பெயர் குறுக்கிட்டபோது, அவர்களும் அந்தப் பன்மையால் ஈர்க்கப்பட்டுப் பன்மை வினையையே கூறிவிடுவது அச்சோதனைகளில் தெரிந்தது. மாறாகத் தலைச்சொல் பன்மையாகவும் இடையே குறுக்கிடுவது ஒருமையாகவும் இருந்தபோது பிழை அவ்வளவாக நேரவில்லை. வினாத்தாள் தயாரிப்போர் அவ்விருவரின் ஆய்வைப் படித்திருக்கிறார்களோ இல்லையோ, ‘பட்டியல்’ முன்னும் ‘தேர்வர்கள்’ பின்னுமாகத்தான் பொறியை எப்போதும் வைக்கிறார்கள். அதைத் தலைகீழாக வைத்தால் யாரும் விழமாட்டார்கள் என்பது அநுபவத்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ் மாணவனுக்கோ இந்தப் பொறி இரட்டிப்பு ஆழமுடையது என்பது என் அபிப்பிராயம். காரணம், நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. மேலே கண்ட வாக்கியத்தைத் தமிழில் சொல்வதானால், ‘எழுத்துத் தேர்வில் தேறிய விண்ணப்பதாரர்களின் பட்டியல் வெளியாகியிருக்கிறது’ என்போம். அடைகள் அனைத்தும் முன்னே வரிசையாக வந்துவிட, தலைச்சொல்லாகிய ‘பட்டியல்’ கடைசியில் வந்து வினையின் தோளோடு தோள் உரசி நிற்கிறது. எத்தனை பெயரெச்சங்களும் வேற்றுமைத் தொடர்களும் குவிந்தாலும் தமிழில் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. மாம்பழக் கூடை விழுந்தது என்றால் விழுந்தது கூடை என்பதில் குழந்தைக்கும் ஐயம் இல்லை. ஆங்கிலமோ இதற்கு நேர் விரோதமாகத் தலைச்சொல்லை முதலில் வைத்து, ‘ஆஃப்’, ‘இன்’, ‘வித்’, ‘ஹூ’, ‘விச்’ என்று அடைகளை அதன் பின்னே தொங்கவிடுகிறது. அதனால் வினையை நெருங்கும்போது தலைச்சொல் வெகுதூரம் பின்தங்கிப்போய், அடைக்குள் கிடக்கும் ஏதோ ஒரு பெயர் வினையின் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. வினைக்கு முன்னால் நிற்கும் பெயர்த்தொடரில் ஈற்றுப் பெயரே கர்த்தா என்று பிறந்தது முதல் பழகிய மனம், அந்த அந்நியனையே கர்த்தா என்று ஏற்று, அவனோடு வினையைப் பொருத்திவிடுகிறது.

இதை விளக்க ஓர் ஆசிரியருக்குக் கால் மணி நேரம் போதும். கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தை மேலும் ஆங்கில வாக்கியத்தைக் கீழுமாக எழுதி, இரண்டிலும் தலைச்சொல்லின் அடியில் ஒரு கோடிட்டு, வினையின் அடியில் இன்னொரு கோடிட்டால், தமிழில் கோடுகள் இரண்டும் அருகருகேயும் ஆங்கிலத்தில் நெடுந்தூரம் விலகியும் கிடப்பதை மாணவன் கண்ணாலேயே பார்த்துவிடுவான். பார்த்தபின், ‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘டுகெதர் வித்’, ‘இன் அடிஷன் டு’ முதலியவை வந்தால் முதற்பெயரைக் கொள்க என்று நான்கு தனி விதிகளாக அச்சிட்டிருப்பதெல்லாம், அடையைத் தலைச்சொல் என்று மயங்காதே என்னும் ஒரே அறிவுரையின் நான்கு முகங்கள் என்பது அவனுக்கே புலனாகும்.

தமிழ் மாணவன் இடறும் இடம் இன்னொன்று உண்டு. அதுவும் அவனுடைய சோம்பலால் ஏற்பட்டதன்று. ஏட்டுத் தமிழில் மாடு மேய்கின்றது, மாடுகள் மேய்கின்றன என்று அஃறிணையில் ஒருமை பன்மை பகுத்து எழுதுகிறோம். தெருவில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ‘மாடு மேயுது’ என்றும் ‘மாடுங்க மேயுது’ என்றும் வினையை மாற்றாமலே பேசுகிறோம். எதிர்காலத்தில் ஏட்டுத் தமிழே இப்பகுப்பைக் கைவிட்டிருக்கிறது. பேருந்தும் வரும், பேருந்துகளும் வரும். ‘இல்லை’ சேர்ந்த எதிர்மறையிலோ திணை, பால், எண், இடம் எதுவுமே இல்லை. நான், நீ, அவன், அவர்கள், அவை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ‘வரவில்லை’ ஒன்றே. இப்படிப் பழகிய நாக்கு ‘ஹீ டோன்ட் நோ’ என்று சொல்வதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நாளிதழ்களில் நாமே ‘மரங்கள் வெட்டப்பட்டது’, ‘விலைகள் உயர்ந்தது’ என்று நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கும்போது, மாணவனை மட்டும் கடிந்துகொள்ள நமக்கு யோக்கியதை குறைவு என்றும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் இந்த மாணவனே, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பரீட்சைக்கும் தயார் செய்துகொண்டிருப்பவன். அங்கே பொதுத்தமிழில் ஒருமை பன்மைப் பிழைகளை நீக்குதல் என்பது அவனுக்குப் பாடம். காலை வகுப்பில் தமிழாசிரியர் ‘பறவைகள் பறந்தது’ என்பதைப் ‘பறந்தன’ என்று திருத்தக் கற்பிக்கிறார். மாலை வகுப்பில், பெரும்பாலும் அதே கட்டிடத்தின் வேறோர் அறையில், ஆங்கில ஆசிரியர் ‘பேர்ட்ஸ் ஃப்ளைஸ்’ என்பதைத் திருத்தக் கற்பிக்கிறார். இருவரும் கற்பிப்பது ஒரே விஷயம் என்று அவனிடம் சொல்வார் இல்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் மதிப்புக் குறையும் என்ற மூடநம்பிக்கையும், இலக்கணம் என்பது மொழிக்கு மொழி வேறான ஒரு மனப்பாடம் என்ற மயக்கமும் சேர்ந்து, அவனுக்கு முன்பே வாய்த்திருக்கும் ஓர் அறிவை அவனிடமிருந்தே மறைத்துவிடுகின்றன.

பயிற்சி நிலையங்களின் விதிப்பட்டியலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மாலை நேரத்தில் அவ்வகுப்புகளின் வாசலில் நின்றால், ‘ஈச், எவ்ரி, ஈதர், நைதர்: ஸிங்குலர், போத், ஃபியூ, மெனி, செவரல்: ப்ளூரல்’ என்று கோஷ்டியாக ஒப்பிக்கும் குரல் தெருவரை கேட்கும். அந்தப் பட்டியலின் மூலபுருஷர் பெரும்பாலும் ரென்னும் மார்ட்டினும். பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென், இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 1924-இல் எழுதிய ‘பியூ ஜெஸ்ட்’ என்னும் நாவலால் மேனாட்டில் புகழ்பெற்றவர். அந்த நாவலை இன்று நம்மில் படிப்பவர் அரியர், எச். மார்ட்டினோடு சேர்ந்து அவர் எழுதி 1930-களில் வெளிவந்த பள்ளி இலக்கண நூலோ, பலமுறை திருத்தப்பட்டு, இந்நாட்டின் ஒவ்வொரு பழைய புத்தகக் கடையிலும் இன்றும் விற்கிறது. நல்ல நூல்தான். ஆனால் பள்ளிச் சிறுவர்க்கென அக்காலப் பழக்கத்தைச் சுருக்கிக் கூறிய ஒரு நூல், மொழியைப் பற்றிய கடைசித் தீர்ப்பாக எண்ணப்படுவதும், அதிலிருந்து விதிகளை உருவிக் கூட்டிப் பெருக்கி விற்பதும் வேறு விஷயம்.

ஐயத்துக்கு இடமான பிரயோகங்கள் எவை என்று கேட்பீர்களாயின், சிலவற்றைக் காட்டுகிறேன். ‘கமிட்டி’, ‘ஜூரி’, ‘டீம்’ போன்ற தொகுதிப் பெயர்கள் ஒருமித்துச் செயல்பட்டால் ஏகவசனம், அபிப்பிராய பேதம் கொண்டால் பகுவசனம் என்று நமது பாடநூல்கள் சொல்கின்றன. கமிட்டி ஒன்றுகூடி உண்டதா, தனித்தனியே உண்டதா என்று கமிட்டியின் மனத்துக்குள் புகுந்து பார்த்த பிறகே பரீட்சை எழுதுபவர் ‘இஸ்’ என்பதா ‘ஆர்’ என்பதா என்று முடிவு செய்ய இயலும்! பிரிட்டிஷார் தாராளமாகப் பன்மை ஆள்வர். ஆங்கிலத்தில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகிய நம் இளைஞர் காதில் ‘இந்தியா ஆர் பேட்டிங்’ என்பது எவ்வளவு இயல்பாக ஒலிக்கிறது! அமெரிக்கரோ ஒருமையையே விரும்புவர். மதுரையில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் வர்ணனையைக் கேட்டு, இந்தியப் பாடநூலைப் படித்து, அமெரிக்கப் பரீட்சை எழுதும் பிள்ளை எந்த வழக்கைக் கொள்வது?

அமெரிக்கருடைய ஒருமையும் அவர்கள் பிறவியிலேயே பெற்றதன்று. ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ என்ற பெயரே பன்மையாக இருந்த காலம் உண்டு. 1787-இல் இயற்றிய அரசியல் சட்டத்தில் ராஜத்துரோகத்தை வரையறுக்கும் பகுதி, தம் தேசத்தை ‘தெம்’ என்று பன்மைச் சுட்டால் குறிக்கிறது. அடிமை முறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமும் ‘தேர்’ என்றே குறிக்கிறது. இன்று ஒரு மாணவன் ‘தி யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஆர்’ என்று எழுதினால் மதிப்பெண் பறிபோகும். பறிபோகட்டும், அது இன்றைய உறுதியான வழக்கு, அதில் சச்சரவு இல்லை. சச்சரவு உள்ளது ‘நன்’ என்னும் சொல்லில். ‘நன் ஆஃப் தெம்’ என்பதன் பின் ‘இஸ்’ மட்டுமே வரலாம் என்று நம் வகுப்புகளில் கண்டிப்பாகக் கற்பிக்கிறார்கள். அச்சொல் ஒருமையே என்று கொள்வது தவறு என்று, கண்டிப்புக்குப் பேர்போன ஃபௌலரே 1926-இல் வெளியிட்ட தமது வழக்கு அகராதியில் எழுதிவிட்டார். ‘டேட்டா’ என்பது இலத்தீனில் பன்மை. விஞ்ஞானப் பத்திரிகைகளில் பலவற்றில் பன்மை. கணினித் துறையினர் எழுத்தில் ஒருமை. இவற்றை வைத்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டு, தவறுக்கு அரை மதிப்பெண் குறைப்பது எந்த நியாய சாஸ்திரத்தில் அடங்கும்?

நம் முன்னோர் இத்தகைய இடங்களை எவ்வாறு கையாண்டனர் என்பதைப் பார்க்கும்போது, அவர்களுடைய நுட்பம் வியப்பளிக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே திணை பால் பாகுபாட்டிலும் வினை அவற்றோடு இயையும் முறையிலும்தான். பின்னர் எழுந்த நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகையில் வழு நேரும் என்று வகுத்துக்காட்டுகிறது. ஆனால் அத்தோடு நிறுத்தாமல், வழுவாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளத் தகுவதை வழுவமைதி என்று தனியே அமைத்தது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சிப் பெருக்கில் ‘என் அம்மை வந்தாள்’ என்கிறவனை இலக்கணி தண்டிப்பதில்லை. உவப்பினால் திணை மாறியது, அமைக என்று விட்டுவிடுகிறான். பெண் குழந்தையை ‘வாடா’ என்று அழைக்கும் தாய்க்கும் அதே சலுகை. உயர்திணையும் அஃறிணையும் விரவிய பல பொருள்கள் ஒரே வினையைக் கொள்ளவேண்டிய சங்கடம் நேருமிடத்தில், சிறப்பு, மிகுதி, இழிபு என்பவற்றுள் ஒன்றைக் கருதி ஒரு முடிபு கொள்ளலாம் என்று நன்னூல் இடங்கொடுக்கிறது. ‘ஈதர் மை பிரதர்ஸ் ஆர் மை ஃபாதர்’ என்று எழுதிவிட்டு ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று ஆங்கிலேயர் தவித்து, அருகில் நிற்பதோடு பொருத்துக என்று ஒரு சமரசம் செய்துகொண்டது இதே சங்கடத்தினால்தான். சங்கடம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, காரணம் சொல்லி இசைவு தந்தது நன்னூலாசிரியர் பவணந்தியாரின் வழி. அதையும் மற்றோர் இரும்பு விதியாக்கி, பட்டியலில் பதினேழாவதாகவோ பதினெட்டாவதாகவோ சேர்த்துவிட்டது நம் பயிற்சி நிலையங்களின் வழி.

பரீட்சை நடத்துவோர் தவறவே மாட்டார்கள் என்று எண்ணுவோருக்கு ஒரு வரலாறு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னோடியாகப் பள்ளி மாணவர் எழுதும் பி.எஸ்.ஏ.டி. பரீட்சையில், 2002-ஆம் ஆண்டு, நாவலாசிரியை டோனி மாரிசனைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிழை காணச் சொன்னார்கள். பிழை இல்லை என்பதே விடை என்றார்கள். மேரிலாண்ட் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், அவ்வாக்கியத்தில் ஆறாம் வேற்றுமைப் பெயரை ஒரு பிரதிப்பெயர் சுட்டி நிற்பது இலக்கண நூல்கள் சிலவற்றின்படி பிழையாகும் என்று எழுதினார். நிறுவனத்தார் முதலில் மறுத்தனர், அவர் விடவில்லை, இறுதியில் 2003-இல் அந்த வினாவை நீக்கிவிட்டு மதிப்பெண்களை மறுபடியும் கணக்கிட்டனர். அது வினை இயைபு பற்றிய வினா அன்று, பெயர் இயைபு பற்றியது. எனினும், அறிஞரிடையே உடன்பாடில்லாத இடத்தில் ஒற்றை விடையைக் கேட்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. இன்று அதே நிறுவனத்தார் கல்லூரிச் சேர்க்கைக்கு நடத்தும் எஸ்.ஏ.டி. பரீட்சை முழுவதும் கணினி வழியே நடக்கிறது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த 54 வினாக்களில் ஏறத்தாழக் கால் பங்கு எழுத்து மரபைப் பற்றியவை. அவற்றுள் வினை இயைபைச் சோதிக்கும் வினாவின் விடைகளைக் கவனித்தால் ஒரு தந்திரம் தெரியும்: நான்கு விடைகளில் மூன்று பன்மையாகவும் ஒன்று ஒருமையாகவும், அல்லது மூன்று ஒருமையும் ஒன்று பன்மையுமாக இருக்கும்; காலம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறி மாணவனைத் திசைதிருப்பும். எழுவாய் ஒருமையா பன்மையா என்று கண்டவனுக்குக் காலத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். விடை தானாகவே நிற்கும். எழுவாயைக் கண்டுபிடித்தாயா என்பது ஒன்றே அவர்கள் கேட்கும் கேள்வி. இது நேர்மையான வினா. மேலாண்மைக் கல்விக்கான ஜிமாட் பரீட்சையோ, வாக்கியத் திருத்தம் என்ற பகுதியையே 2023-இல் வெளியிட்ட புதிய பதிப்பில் எடுத்துவிட்டது. அந்த அளவுக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வாக்கியத்தின் எலும்புக்கூட்டைக் காணும் திறனை எங்கேனும் சோதித்துத்தான் ஆகவேண்டும்.

நம் நாட்டில் செய்யத்தக்கது மிகச் சிறியதே. தொகுதிப் பெயர், ‘நன்’, ‘டேட்டா’ போன்ற இருவழக்குச் சொற்களை ஒற்றை விடை வினாக்களிலிருந்து விலக்கிவிட்டு, தலைச்சொல்லுக்கும் வினைக்கும் இடையே அடைகள் நீளும் வாக்கியங்களை அதிகம் கேட்கலாம். அவ்வாறு கேட்டால் பயிற்சி நிலையங்கள் தாமாகவே பட்டியலைக் கைவிட்டு வாக்கியத்தைக் கையிலெடுக்கும், ஏனெனில் வினாத்தாள் எப்படியோ வகுப்பும் அப்படியே. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் மாதம் ஒரு மாலை ஒரே கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்துவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பரீட்சை முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும்போது, ஆட்சேபம் உள்ள மாணவர் ஒவ்வொரு வினாவுக்கும் கட்டணம் செலுத்தி, ஆதாரத்தோடு முறையிடவேண்டும் என்ற ஏற்பாடு மத்தியப் பணியாளர் தேர்வில் நடைமுறையில் உள்ளது. வேலையில்லாத பட்டதாரி, தகப்பனார் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, ‘நன்’ என்பதற்குப் பன்மையும் உண்டு என்று ஃபௌலரைக் காட்டி முறையிட்டால், விடை தயாரித்தவர் ஒருமையே சரி என்னும் வேறொரு நூலைக் காட்டி மறுத்துவிட முடியும். இருவரிடமும் நூல் உண்டு, இருவர் பக்கமும் நியாயம் உண்டு. எந்த நூலை அல்லது எந்நாட்டு வழக்கை அதிகாரமாகக் கொண்டு விடை குறிக்கப்படும் என்பதைப் பரீட்சை அறிவிப்பிலேயே ஒரு வரியில் அச்சிட்டுவிட்டால், இந்த வழக்குகள் எழவே எழா. அந்த ஒரு வரிக்கு ஆகும் செலவோ ஒன்றுமில்லை.